ஹெரால்டைக் கட்டி விற்ற அனுபவம்: கழற்றிய பாகங்களும் வண்டியோடுதான்

பழைய கார் வாங்கிய அனுபவங்களை இந்தக் குழுவில் நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். விற்றவர் பக்கம் இன்னும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நானும் மதுரை பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணனும் சேர்ந்து 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை ஸ்போர்ட்ஸ் காராகக் கட்டி, சமீபத்தில் காரைக்குடிப் பக்கம் ஒருவருக்கு விற்றோம்.

ஹெரால்ட் குடும்பக் கார் ஆயிற்றே என்பீர்கள். அதன் ரத்தத்திலேயே ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி இது. வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலாட்டி. 1961-இல் இருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இதைத் தயாரித்தது. 1962-இல் ட்ரையம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் மட்டும் போகிற திறந்த காரை இறக்கியபோது, ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தைத்தான், குட்டையாக்கி எடுத்துக்கொண்டது. வரைந்ததும் அதே மிக்கெலாட்டிதான். முன் சக்கரத்தின் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்பிட்ஃபயருக்கு இன்றைக்கும் இங்கிலாந்தில் உதிரி பாகங்கள் புதிதாகச் செய்கிறார்கள். அது நமக்குப் பெரிய வரம். இங்கே கிடைக்காத புஷ், கேஸ்கெட், பிரேக் சாமான் எல்லாம் அங்கிருந்து வரவழைக்கலாம்.

வண்டி கிடைத்தது சோழவந்தான் பக்கம், ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகையில். எம்.டி.யூ. நம்பர், மதுரைப் பதிவு, முதல் ஓனரின் ஆர்.சி. புக் பத்திரமாக இருந்தது. சென்னையில் இத்தனை வருடம் நின்றிருந்தால் உப்புக்காற்று சேஸியைத் தின்றிருக்கும். நம்ம ஊர் வறண்ட வெயில் அதைக் காப்பாற்றியிருந்தது. பின்பக்கம் டிக்கிக்குக் கீழே சேஸியிலிருந்து நீளும் கைகளும் கால்மிதிக்கு அடியில் தரைத்தகடும்தான் போயிருந்தன. வயரிங் முழுக்க எலி கடித்தது.

ஹெரால்டுக்குத் தனி சேஸி. பாடி அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். கூரையையே போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். ட்ரையம்ஃபுக்குப் பாடி செய்துகொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால் வந்த அமைப்பு இது. ஒரே கூடாகப் பாடி அடிக்க ஆளில்லாமல், பல சின்னப் பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து கோர்க்கும்படி வடிவமைத்தார்கள். அவர்களுடைய அந்த நெருக்கடிதான் இன்றைக்கு நம்மைப் போன்றவர்கள் கையில் இந்த வண்டியைக் கட்ட முடிவதற்குக் காரணம். சேஸியைத் தனியாக இறக்கி, தட்டித் தட்டிப் பார்த்து, கெட்ட இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். செலவில் பாதிக்கு மேல் டிங்கரிங்கிலேயே போனது. பெயிண்ட் அதற்கு அப்புறம்தான்.

வேலை தொடங்கும்போதே அண்ணன் ஒரு கட்டுப்பாடு போட்டார்: பழையபடி திருப்பி மாட்ட முடியாத எந்த மாற்றமும் கூடாது. சேஸியைக் குறைக்கக் கூடாது, கூரையை அறுக்கக் கூடாது, எஞ்சின் பிளாக்கை மாற்றக் கூடாது. அதே 948 சிசி எஞ்சினின் சிலிண்டர்களை உள்ளே கடைந்து, ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டருக்குப் பதில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் வைத்தோம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர்; சோலெக்ஸ், எஸ்.யூ. இரண்டும் அதன் கம்பெனிப் பெயர்கள். 1959-இல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்ட் கூப்பேயில் இதே 948 சிசி எஞ்சினுக்குக் கம்பெனியே இரட்டை எஸ்.யூ. போட்டிருக்கிறது. முன்னால் டிரம் பிரேக்குக்குப் பதில் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், எரிபொருள் ஹோஸ் முழுவதையும் மாற்றினோம்.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சரிசெய்ததைச் சொல்லியே ஆகவேண்டும். அண்ணனிடம் அதற்கு மீட்டர் எதுவும் கிடையாது. ஒரு முழ ரப்பர் குழாய்தான். ஒரு முனை காதில், இன்னொரு முனை கார்புரேட்டர் வாயில். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்பார், அடுத்ததில் வைப்பார், ஸ்க்ரூவை அரைக்கால் சுற்றுத் திருப்புவார், மறுபடி முதலாவது. "ரெண்டும் ஒரே சுதியில இழுக்கணும் தம்பி" என்றார். என்னிடமும் குழாயைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அந்தச் சத்தம் ஒன்றானபோது ஐடிலிங்கில் ஆடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே அடங்கியது. டி.வி.எஸ். பட்டறையில் பழகிய கை அது.

அடுத்தது ட்ரன்னியன். ஹெரால்ட் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் படிக்கவேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் மரை உள்ளே சுற்றும். அதற்குப் போடவேண்டியது 90 கியர் ஆயில். நம்ம ஊரில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைத்துவிடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது, காய்ந்து இறுகும், தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் இடதுபக்கத் தண்டில் மரையின் மேல்விளிம்பைச் சுற்றி துரு அரித்துப் பள்ளமே விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் புதிது வாங்கிப் போட்டோம்.

இனி விற்ற கதை. விளம்பரம் போட்டதும் ஏகப்பட்ட போன். பெரும்பாலும் விலை கேட்டுவிட்டு வைப்பவர்கள். ஒரு தம்பி மட்டும் நேரில் வந்து, அட்வான்ஸ் பணத்தையே எடுத்து நீட்டினார். அவர் கேட்டது: கூரையை அறுத்துத் திறந்த காராக்கி, மாருதி எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் வைத்துத் தரவேண்டும். நாங்கள் கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார், நானும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.சி. புக்கில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறிப்போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதைவிடப் பெரிய காரணம் இந்த வண்டியின் வயது. 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதியலாம். நம்பரில் வி.ஏ. என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் மாறாமல் இருக்கவேண்டும். அறுத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பொறுமையாகச் சொன்னோம். தம்பி கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை.

காரைக்குடி ஐயா வந்த விதமே வேறு. பாலிஷைப் பார்க்கவில்லை. பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துக் கதவின் கீழ்விளிம்பு, மட்கார்டு, ஹெட்லைட் வளையம் என்று வைத்துக்கொண்டே போனார். பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி கனமாக இருந்தால் காந்தம் ஒட்டாது. பிறகு தினத்தாளை விரித்து வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துவிட்டார். எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி: "கழட்டுன டிரம்மு, பழைய கார்புரேட்டரு எல்லாம் எங்கப்பா?"

அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தோம். சோலெக்ஸ், இரண்டு டிரம், பழைய ட்ரன்னியன் தண்டு, எல்லாவற்றிலும் அண்ணன் சீட்டு கட்டியிருந்தார். டிங்கரிங்கின்போது எடுத்த படங்களையும் பில்லையும் காட்டினோம். எங்கே வெல்டிங் வைத்தோம் என்று கையால் தொட்டுக் காட்டினோம். ஐயா அதற்கு அப்புறம் விலையில் பெரிதாகப் பேசவில்லை. போட்ட பணம் வந்தது, அண்ணன் கூலியும் நிறைவாக வந்தது. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் ஒரு வண்டியை ஒப்படைப்பது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இதற்கு வந்த பதில்கள். தேனி உறுப்பினர்: ட்ரன்னியன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் மாமாவின் ஹெரால்டில் வீட்டு வாசலிலேயே நடந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ரிவர்ஸ் எடுக்கிறார், சடக்கென்று சத்தம், வலது சக்கரம் வெளியே மடங்கி வண்டி மூக்கைக் குத்தி நின்றது. முந்தின நாள்தான் போடி மெட்டு மலைப்பாதையில் இறங்கி வந்திருந்தார். அத்தை அன்றைக்கே குலசாமிக்கு நேர்ந்துகொண்டார். அதுவரை போட்டதெல்லாம் கிரீஸ்தான்.

மேலூர் உறுப்பினர்: அண்ணே, நானும் ஒரு ஹெரால்ட் பார்த்து வைத்திருக்கிறேன். பேப்பரில் முதலில் எதைப் பார்க்கட்டும்?

என் பதில்: முதலில் நம்பர் தம்பி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வது போல சேஸி நம்பர் மேல் செல்லோடேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஞ்சின் நம்பரையும் அப்படியே எடுத்து ஆர்.சி. புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஒன்று மாறினாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சரியாக இருந்தால், புக்கில் உள்ள பெயர்க்காரரே பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவத்தில் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். புரோக்கர் போடுவார் என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் அண்ணனும் வந்து வண்டியைப் பார்க்கிறோம், காந்தம் கொண்டுவருகிறோம்.