லாக்கேஸ் மின்முனை: ஆர்கான் வரைவு எங்கே?

செம்பு29: "5 மில்லிமோலார் ஏபிடிஎஸ் போட்டதும் லாக்கேஸ் கேதோடில் மின்னோட்டம் எகிறியது, ஆக்சிஜன் ஒடுக்கம் நிரூபணம்" என்று படம் போட்டு மார்தட்டிய வோல்ட்டாவுக்கு ஒரே கேள்வி. லாக்கேஸ் ஆக்சிஜனை நீராக ஒடுக்கும் என்சைம்; ஏபிடிஎஸ் அதற்கும் மின்முனைக்கும் நடுவே எலக்ட்ரான் சுமக்கும் சேர்மம், அதாவது மீடியேட்டர். என்சைமோடு எடுத்த ஆர்கான் வரைவு, அதாவது ஆர்கானால் ஆக்சிஜனை விரட்டிவிட்டு எடுத்த மின்னோட்ட வரைவு, எங்கே?

வோல்ட்டா: கறுப்புக் கோடு. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

செம்பு29: அது என்சைம் போடாத ஆர்கான். காற்றுபட்ட பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசலில்) என்சைமையும் ஏபிடிஎஸ்ஸையும் கலந்தால், மின்முனையை நனைக்கும் முன்னரே ஏபிடிஎஸ் ஆக்சிஜனேறிக் கரைசல் நீலப்பச்சையாகிவிடும். 25 டிகிரியில் ஆக்சிஜன் சுமார் 0.25 மில்லிமோலார், ஒவ்வொரு ஆக்சிஜனும் நாலு எலக்ட்ரான் வாங்கும், ஒரு ஏபிடிஎஸ் ஒன்றுதான் கொடுக்கும்; ஆக 1 மில்லிமோலார் ஏபிடிஎஸ் ஏற்கெனவே ஆக்சிஜனேறி உட்கார்ந்திருக்கும். அந்தப் பழைய சரக்கை மின்முனை ஒடுக்குவதைத்தான் வினையூக்கம் என்கிறீர்கள்.

வோல்ட்டா: பச்சையாக்கியதும் ஆக்சிஜன்தானே ஐயா? மீடியேட்டர் வேறென்ன செய்யும்? தவிர, 0.3 வோல்ட்டில் சுழல் தட்டு மின்முனையை 600 வினாடி ஓட்டினேன். 20 மைக்ரோஆம்பியர், கோடு படுத்தே கிடந்தது.

செம்பு29: படுத்தேதான் கிடக்கும். 10 மில்லிலிட்டரில் 1 மில்லிமோலார் என்றால் 10 மைக்ரோமோல், கிட்டத்தட்ட 0.96 கூலும். 20 மைக்ரோஆம்பியரில் அது தீர 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 நிமிஷத்தில் என்ன தெரியும்? என்சைமோடு ஆர்கான், எங்கே?

பஃபர்ராஜா: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த 0.3 வோல்ட் எந்த ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளந்தது? ஹைட்ரஜன் அளவுகோலுக்கு மாற்ற, வெள்ளி குளோரைடு மின்முனையில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு என்றால் 0.210, நிறைகரைசல் என்றால் 0.197 கூட்ட வேண்டும்.

வோல்ட்டா: 13 மில்லிவோல்ட்டுக்குப் பஞ்சாயத்தா! ஏபிடிஎஸ் ஹைட்ரஜன் அளவுகோலில் 0.68-இல் இருக்கிறது, எதைக் கூட்டினாலும் கீழேதான்.

பஃபர்ராஜா: மில்லிவோல்ட் கிடக்கட்டும். அந்த முனையிலிருந்து குளோரைடு கசிந்தால் லாக்கேஸ் முடங்கும். இரட்டைச் சந்தி (கசிவைத் தடுக்க நடுவே இன்னொரு கரைசல் அறை) வைத்தீர்களா?

வோல்ட்டா: லாக்கேஸுக்கு உறவான பிலிருபின் ஆக்சிடேஸ் என்சைம் பற்றிய திரியிலும் இதே ஆள் இதே குளோரைடு. அது குளோரைடைத் தாங்கும் என்று சொன்ன பிறகும் நாற்பது பதிவு!

பஃபர்ராஜா: அன்றைக்கும் பதில் வரவில்லை.

செம்பு29: குளோரைடு சண்டையை வேறு திரியில் வையுங்கள். செய்முறை இதுதான்: பிஎச் 5, 0.1 மோலார் அசிட்டேட், அதிலேயே ஏபிடிஎஸ். 30 நிமிஷம் ஆர்கானைக் குமிழவிட்டு, குழாயைக் கரைசலுக்கு மேலே தூக்கிய பிறகே 50 மைக்ரோலிட்டர் என்சைம். என்சைம் விழுந்த பின் குமிழவிட்டால் நுரைத்துக் கெடும். 420 நானோமீட்டரில் (ஆக்சிஜனேறிய ஏபிடிஎஸ் உறிஞ்சும் ஒளியில்) உறிஞ்சல் ஏறினால் ஆக்சிஜன் கசிகிறது, மூடியைப் பாருங்கள். நிறமில்லாத கரைசலில் முதல் வரைவு, அப்புறம் ஆக்சிஜன், அப்புறம் இரண்டாவது. வித்தியாசம்தான் உங்கள் வினையூக்கம்.

வோல்ட்டா: என்சைம் இல்லாத ஆர்கானே போதும் என்று எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன.

செம்பு29: வந்திருக்கலாம். என்சைமோடு ஆர்கான்?

வோல்ட்டா: கறுப்புக் கோடு என்று சொன்னேனே.