சால்மோனெல்லா பி.எஃப்.ஜி.இ.: 24 மாதிரிகளில் 5 மட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்மியர்

முட்டைக்கூடை:
வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழி எச்சத்திலிருந்து 18, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து 6, ஆக 24 சால்மோனெல்லா கையில் இருக்கிறது. பி.எஃப்.ஜி.இ. என்றால், டிஎன்ஏவை நொதியால் வெட்டி, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஜெல்லில் துண்டுகளைப் பிரித்து ஒப்பிடும் முறை. எக்ஸ்பா-1 நொதியால் வெட்டி 1% அகரோஸ் ஜெல்லில் ஓட்டுகிறேன். 0.5 மடங்கு டி.பி.இ. பஃபர் (ட்ரிஸ் கலந்தது), 14 டிகிரி, செ.மீ.க்கு 6 வோல்ட், திசை மாறும் நேரம் 2.2 முதல் 63.8 விநாடி, மொத்தம் 18 மணி நேரம். (நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, யூ.பி.எஸ். பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறேன்.)

19 மாதிரிகளுக்கு பேண்டுகள் (டிஎன்ஏ கோடுகள்) கண்ணாடி போல வருகின்றன. மீதி ஐந்தில், நான்கு கோழி, ஒன்று மனிதர், லேன் முழுக்கச் சாம்பல் பூசியது போல ஸ்மியர். கைடு "வகைப்படுத்த முடியாதவை என்று எழுதிவிட்டு மேலே போ" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜெல்_ராத்திரி:
நூற்றுக்குத் தொண்ணூறு ப்ளக் (கிருமிகளைப் பொதிந்த அகரோஸ் கட்டி) கழுவுவதில்தான் கோளாறு இருக்கும். லைசிஸ், அதாவது செல்லை உடைப்பது, எவ்வளவு நேரம்? புரதத்தை அரிக்கும் புரோட்டினேஸ் கே பழையதா? கழுவும் டி.இ. பஃபரை முன்கூட்டியே 50 டிகிரிக்குச் சூடாக்கி வைக்கிறீர்களா? பச்சைத் தண்ணீர் மாதிரி ஊற்றினால் லைசிஸ் கரைசல் ப்ளக்கை விட்டுப் போகாது.

முட்டைக்கூடை:
லைசிஸ் 2 மணி நேரம், 54 டிகிரி, ஆட்டிக்கொண்டே. சந்தேகத்தில் ஒருமுறை ராத்திரி முழுக்கவும் விட்டேன். தண்ணீரில் 2 முறை, டி.இ.யில் 4 முறை கழுவல், எல்லாம் சூடாக்கித்தான். புரோட்டினேஸ் கே புதுசு. பஃபரும் அன்றன்றைக்குக் கலக்கியது. அதே ஜெல்லில் ஓடிய பிரேண்டரப் எச்9812 அளவுகோல் லேன் மூன்றும் சுத்தம். மூன்று முறை ப்ளக் செய்தேன், மூன்று முறையும் அதே ஐந்துதான்.

மைக்ரோ அண்ணாச்சி:
தம்பி, கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. கை தவறினால் இன்று ஒன்று கெடும், நாளை இன்னொன்று கெடும். மூன்று முறையும் அதே ஐந்து என்றால் கோளாறு உங்கள் கையில் இல்லை, கிருமியில் இருக்கிறது.

சில பாக்டீரியாக்களின் டிஎன்ஏ முதுகெலும்பில், சில இடங்களில் பாஸ்பேட்டின் ஒரு ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் உட்கார்ந்திருக்கும். பாஸ்போரோதயோயேட் என்பார்கள். இந்த மாதிரி டிஎன்ஏ ஜெல்லில் சிதைவது முதலில் தெரியவந்தது ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸில்; காரணம் கந்தகம்தான் என்று 2007ல்தான் உறுதியானது. சால்மோனெல்லாவில் செர்ரோ என்ற செரோவார் (மேற்பரப்புப் பொருள்களை வைத்துப் பிரிக்கும் உட்பிரிவு) நன்றாகத் தெரிந்த உதாரணம். மின்சாரம் ஓடும்போது நேர்மின்வாய்ப் பக்கம் பஃபரில் உள்ள ட்ரிஸ் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அந்தக் கந்தக இடங்களில் டிஎன்ஏவை நறுக்கிவிடுகிறது. பஃபரை எத்தனை முறை புதிதாகக் கலக்கினாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்: நறுக்கும் பொருள் ஓட்டத்தின்போதே உருவாகிறது.

மருந்து தயோயூரியா. ஓடும் பஃபரில் 50 மைக்ரோமோலார் இருந்தால் போதும். தொட்டியில் 2.2 லிட்டர் என்றால் 8.4 மில்லிகிராம்தான். அதை நிறுப்பது கொடுமை. 100 மில்லிமோலார் கரைசலாக வைத்துக்கொண்டு 1.1 மி.லி. ஊற்றுங்கள். புற்றுநோய் சந்தேகம் உள்ள பொருள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஓடி முடிந்த பஃபரை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள்.

ஜெல்_ராத்திரி:
அட, இது எனக்குப் புதுசு. ஆனால் முதலில் நொதி போடாத ப்ளக்கை ஓட்டிப் பார்க்கலாமே அண்ணாச்சி? அதுவும் ஸ்மியர் ஆனால் டிஎன்ஏ ஏற்கெனவே ப்ளக்கிலேயே சிதைந்துவிட்டது என்று தெரியுமே?

மைக்ரோ அண்ணாச்சி:
அங்கேதான் ஏமாறுவோம், நானும் ஏமாந்திருக்கிறேன். வெட்டாத ப்ளக்கும் ட்ரிஸ் பஃபரில் ஓடும்போது நறுக்கப்பட்டு ஸ்மியராகவே வரும். பார்த்துவிட்டு டிஎன்ஏஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) வேலை என்று முடிவு கட்டி லைசிஸை மாற்றிக்கொண்டே இருப்போம். வெட்டாததை ஓட்டுங்கள், ஆனால் தயோயூரியா உள்ள பஃபரில். அதில் சுத்தமாக இருந்தால் ட்ரிஸ்தான் காரணம்; அதிலும் ஸ்மியர் என்றால் ப்ளக் தயாரிப்பைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. கைடு சொன்னபடி ஐந்தையும் தள்ளிவிட்டால், ஒரே குணம் கொண்ட ஒரு கூட்டமே உங்கள் ஒப்பீட்டிலிருந்து காணாமல் போகும். கோழியிலும் மனிதரிலும் ஸ்மியர் ஒன்றுபோல வருகிறது என்றால் அவை உறவாக இருக்கவும் வாய்ப்புண்டு.

முட்டைக்கூடை:
எட்டு நாள் கழித்து வருகிறேன். அண்ணாச்சி, நான்கு லேன் பளிச்சென்று வந்துவிட்டது! ஐந்தாவது, ஒரு கோழி மாதிரி, தயோயூரியாவிலும் ஸ்மியர்தான். வெட்டாததும் அப்படியே. பழைய தட்டிலிருந்து எடுத்திருந்தேன். ஒற்றைக் காலனியிலிருந்து புதிதாக வளர்த்து, செல் அடர்த்தியைக் குறைத்து ப்ளக் போட்டதும் சரியாகிவிட்டது. ஆக ஐந்தாவது என் குற்றம்தான்.

இப்போது தலைசுற்றும் விஷயம்: மனித மாதிரியும் மூன்று கோழி மாதிரிகளும் ஒரு பேண்டுகூட மாறாமல் ஒரே அமைப்பு. கோழியிடமிருந்துதான் நோயாளிக்கு வந்தது என்று எழுதிவிடலாமா?

பெட்ரிதட்டு:
எழுதாதீர்கள். 1995ல் டெனோவர் குழு பேண்டு அமைப்புகளை ஒப்பிட விதி சொன்னபோதும், பேண்டு வித்தியாசமே இல்லாதவற்றைப் 'பிரித்தறிய முடியாதவை' என்றுதான் சொன்னது. அதுவும் ஓரிடத்தில் குறுகிய காலத்தில் நடக்கும் பரவலுக்கான விதி. எக்ஸ்பா-1 ஒன்றை மட்டும் நம்பாமல் பிஎல்என்-1 நொதியாலும் வெட்டிப் பாருங்கள். செரோவாரும் தெரிய வேண்டும்: என்டரைட்டிடிஸ் போன்ற குளோன் வகை என்றால், சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒரே அமைப்பில் வரும், பொருத்தத்துக்கு மதிப்பு குறைவு. எந்தத் திசையில் போனது என்பதை ஜெல் சொல்லவே சொல்லாது. அந்த நோயாளி என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்ற விவரம் வேண்டும்.

முடிந்தால் அந்த நான்கை மட்டுமாவது முழு மரபணு வரிசைக்கு அனுப்புங்கள். 1996ல் பி.எஃப்.ஜி.இ.யை வைத்தே உணவுவழி நோய்களைக் கண்காணிக்கும் வலையமைப்பு தொடங்கிய அமெரிக்க பல்ஸ்நெட்கூட 2019ல் வரிசைப்படுத்தலுக்கு மாறிவிட்டது. வரிசை வந்தால் கந்தகம் சேர்க்கும் மரபணுக்கள் இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடலாம்.

முட்டைக்கூடை:
செரோவார் கண்டுபிடிக்கக் கசௌலி ஆய்வு மையத்துக்கு இப்போதுதான் அனுப்பினோம். பிஎல்என்-1 வாங்க எழுதிக் கொடுத்தாயிற்று, வரிசைப்படுத்தப் பணம் கேட்க வேண்டும். கைடிடம் ஜெல் படத்தைக் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்த தயோயூரியா டப்பா எங்கே வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.