பெரிய வீட்டுக் குழு: நாளைக் காலை மீன் அளவெடுப்பு

குமார் மாமா: கவி, நாளை நம் படகுத்துறைக்கு மீன் அளக்க ஆள் வருகிறாராம். நம் போட்டிலும் அளக்கலாமா என்று கேட்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தைக் கூட்டத்தான் இந்தக் கணக்கு என்று ஒரு வாய்ஸ் சுற்றுகிறது

விஜி: எனக்கும் வந்தது

செல்வி அத்தை: யாருக்காவது பால் சுறா கிடைத்தால் எடுத்து வையுங்கள், ரேவதிக்குப் பால் போதவில்லை

கவிதா: யார் பேசியது என்றே தெரியாத வாய்ஸ் மாமா, நம்பாதீர்கள்

குமார் மாமா: 2017-ல் 45 நாளை 61 ஆக்கினார்களே. என்னையா கேட்டார்கள்?

பெரியப்பா: கழசல் என்று பொடிமீனையெல்லாம் அள்ளுகிறவனுக்குத்தான் அளவுகோலைக் கண்டால் பயம்

குமார் மாமா: மச்சான், அந்தப் பழைய கதை இங்கே வேண்டாம்

கவிதா: பெரியப்பா, கொஞ்சம் பொறுங்கள். மாமா, அவர் எல்லாப் போட்டையும் அளக்க மாட்டார், வந்து சேர்கிறதில் சிலவற்றை மட்டும் எடுத்து, எத்தனை நாள் கடலில் தங்கல், எத்தனை முறை வலை விட்டீர்கள், எந்த மீன் எத்தனை கிலோ என்று எழுதிக்கொள்வார், அதை வைத்துத்தான் மொத்தத் துறைக்கும் கணக்குப் போடுவார்கள். கொஞ்சம் மீனை எடுத்து நீளம் பார்ப்பார்கள், வயிற்றைக் கீறிச் சினை பார்ப்பார்கள். கத்தாழை மீன் தலையில் கல் இருக்குமே, அந்தக் கல்லை அறுத்தால் மரத்தில் இருப்பதுபோல வளையம் தெரியும், அதை எண்ணி வயது சொல்லலாம். மீன்பாடு குறைந்தால் மீன் அழிகிறதா, இடம் மாறிவிட்டதா என்று இதெல்லாம் பார்த்தால்தான் தெரியும்

விஜி: அப்பாயி அந்தக் கல்லைச் சேர்த்து வைத்திருந்ததே!!

செல்வி அத்தை: பால் சுறா?

பெரியப்பா: நம்பியார் நகரில் கேட்கிறேன்மா

குமார் மாமா: சரி, கோடியக்கரைக்கு அந்தாண்டை இலங்கைக்காரர்கள் பிடிப்பதை யார் அளப்பது?

கவிதா: அங்கேயும் அளக்கிறார்கள் மாமா. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நாலும் 2003-ல் சேர்ந்து அமைத்த வங்காள விரிகுடாத் திட்டத்துக்குச் சென்னையில்தான் அலுவலகம். சூரை மீனுக்கென்றே இந்தியப் பெருங்கடல் ஆணையம் ஒன்று சீஷெல்ஸில் இருக்கிறது. பெரியப்பா வலையில் மாட்டுகிற சூரை நேற்று எந்த நாட்டுக் கடலில் ஓடியதோ, அதனால் ஒரு கரையில் மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான். எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று அங்கே பேசும்போது நாம் பிடித்ததைக் குறைத்துச் சொல்லியிருந்தால் நமக்குத்தான் நட்டம்

பெரியப்பா: என் ஃபைபர் போட்டில் அளக்கட்டும்

குமார் மாமா: கிலோ சொல்கிறேன். வலை விட்ட இடம் சொல்ல மாட்டேன்

கவிதா: ஆழமாவது சொல்லுங்கள் மாமா

பெரியப்பா: கழசலையும் காட்டச் சொல்

குமார் மாமா: காலையில் பார்க்கலாம்

விஜி: எத்தனை மணிக்கு?

கவிதா: ஐந்துக்கு. நானும் வருகிறேன்

செல்வி அத்தை: வரும்போது சுறாவுக்குப் பாத்திரம் எடுத்து வா