அரிய நோய்த் தரவு: எல்லோருக்கும் திறப்பதா, அனுமதி கேட்டுக் கொடுப்பதா?

தரவுத்தச்சன் (தொடக்கப் பதிவு)

விவாதத்துக்கு ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். அரிய தசைநோய் ஒன்று. பல மருத்துவமனைகள் சேர்ந்த கூட்டமைப்பு, 800 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் மருத்துவக் குறிப்பு, எக்ஸோம் வரிசை (மரபணுத்தொகுதியில் புரதங்களுக்குக் குறிப்புத் தரும் பகுதி), எம்ஆர்ஐ படம். இதை எப்படிப் பகிர்வது?

என் கட்சி: அடையாளத்தை நீக்கிவிட்டு, எந்த உரிமையையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவுக்கு விடும் சிசி0 உரிமத்தில் முழுதாகத் திறந்துவிட வேண்டும், அதுவும் உடனே. மனித மரபணுத் திட்டத்தினர் 1996இல் பெர்முடாவில் கூடி ஒத்துக்கொண்டது இதைத்தான்: 1,000 டிஎன்ஏ எழுத்து இணைகளுக்கு மேல் தொகுத்த வரிசை 24 மணி நேரத்துக்குள் பொதுவுக்கு வந்துவிட வேண்டும். புரதத் தரவு வங்கி 1971இல் 7 கட்டமைப்புகளோடு தொடங்கியது. யாருடைய அனுமதியும் இல்லாமல் எடுக்கலாம் என்று அன்றிலிருந்து இருந்ததால்தான், புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்டைப் பயிற்றுவிக்கும் காலம் வந்தபோது அது தயாராகக் கிடந்தது.

"கேட்டால் தருவோம்" என்பது நடக்காத காரியம். அப்படி எழுதியிருந்த 1,792 உயிர்மருத்துவக் கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் நிஜமாகவே கேட்டுப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. 122 கட்டுரைகளுக்குத்தான் தரவு கிடைத்தது.

மறைகாப்பு

புரதக் கட்டமைப்புக்குப் பின்னால் காப்பீடு மறுக்கப்படக்கூடிய ஒரு மனிதர் இல்லை. அந்த உதாரணத்தை இங்கே கொண்டுவருவது பொருந்தாது.

"அடையாளத்தை நீக்கிவிட்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். ஒருவரின் மரபணு வகை கையில் இருந்தால், ஆய்வில் இருந்த எல்லோரையும் சேர்த்து ஒவ்வொரு மரபணு மாறுபாடும் எத்தனை விகிதம் என்று சொல்லும் வெறும் அலீல் விகிதப் பட்டியலை வைத்தே அவர் அந்த ஆய்வில் இருந்தாரா என்று கண்டுபிடிக்கலாம் என்பது 2008இல் நிரூபணமானது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் திறந்து வைத்திருந்த தொகுப்புப் புள்ளிவிவரத்தை உடனே மூடியது. 2013இல் ஒய் குரோமோசோம் குறியீடுகளையும் வம்சாவளித் தளங்களையும் சேர்த்து, பெயரில்லாமல் வெளியான மரபணுக்களிலிருந்து ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டார்கள். 2019இல் 84 பேரின் தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தை மீட்டுப் புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது 70 பேர் சரியாகப் பொருந்தினார்கள்.

உங்கள் மாதிரியில் மொத்தமே 800 பேர். வயது, பாலினம், மாவட்டம், நோய் தொடங்கிய ஆண்டு, இந்த நான்கு பத்திகள் போதும், பெரும்பாலோர் தம்மைப்போல் இன்னொருவர் இல்லாமல் தனியாக நிற்பார்கள். பிறகு சிசி0 கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

தரவுத்தச்சன்

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதே நிறுவனம் 2018இல் பெரும்பாலான ஆய்வுகளின் தொகுப்புப் புள்ளிவிவரத்தை மறுபடி திறந்தது. பயன் அதிகம், அபாயம் குறைவு என்று எடைபோட்டுத்தான் திறந்தது. தசைநோய்க்கு எடுப்பது பெரும்பாலும் தொடை, கெண்டைக்கால் படங்கள். அதில் முகம் இல்லை. தலைப்படம் இருந்தால் முகப்பகுதியை அழிக்கும் மென்பொருள் ஓடட்டும், மூளை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். மாவட்டம் என்ற பத்தியையே எடுத்துவிடலாம், தசை ஆய்வுக்கு அது எதற்கு?

ஒப்புதல் படிவத்திலேயே "இது எல்லோருக்கும் திறந்திருக்கும், உங்களை யாராவது கண்டுபிடிக்கக்கூடும்" என்று எழுதிக் கேட்பதுதான் நேர்மை. தன்னார்வலர்களின் மரபணுவைப் பொதுவில் வைக்கும் தனிநபர் மரபணுத் திட்டம் 2005இல் இருந்து அப்படித்தான் நடக்கிறது. சேர விரும்புபவர் விளைவுகளைப் புரிந்துகொண்டாரா என்று தேர்வே வைக்கிறார்கள்.

மறைகாப்பு

2018இல் திறந்தபோது ஒரு விலக்கு வைத்தார்களே, அதை விட்டுவிட்டீர்கள். உணர்வுபூர்வமானவை என்று குறிக்கப்பட்ட ஆய்வுகளின் புள்ளிவிவரம் இன்னும் அனுமதிக்குப் பின்னால்தான் இருக்கிறது. சிறிய கூட்டம், அரிய நோய் என்றால் அந்தக் கேள்வி உடனே எழும்.

"இந்த இடத்தில் இந்த மாறுபாடு உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் பீக்கன் சேவையைக்கூட நம்ப முடியாது. 1,000 பேர் உள்ள பீக்கனில் 5,000 கேள்விகளில் ஒருவர் இருப்பதை உறுதிசெய்யலாம் என்று 2015இல் காட்டினார்கள். பொதுமக்கள் தொகுப்பில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு நோய்க்கான தொகுப்பில் அவர் இருக்கிறார் என்றாலே அவருக்கு அந்த நோய் என்று பொருள்.

கோப்புக்காரன்

இருவரும் யாருக்குத் திறப்பது என்பதிலேயே நிற்கிறீர்கள். திறந்த பிறகு உள்ளே இருப்பது பயன்படுமா என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தசைநோயில் முதலில் பார்ப்பது கிரியாட்டின் கைனேஸ், தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதி. சில ஆய்வகங்கள் லிட்டருக்கு யூனிட் என்று தரும், சில மைக்ரோகட்டால் என்று தரும். 1 மைக்ரோகட்டால் 60 யூனிட். அலகுப் பத்தி இல்லாமல் இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டினால், 80 மைக்ரோகட்டால், அதாவது 4,800 யூனிட் உள்ள நோயாளி 80 என்று பதிவாகி நலமானவர்போலத் தெரிவார். எச்சரிக்கை எதுவும் வராது, ஏனென்றால் 80 நம்பத்தகுந்த எண்தான்.

மரபணு நிலைகளும் அப்படித்தான். ஒரு மையம் மனித மரபணுவின் பொது வரைபடத்தில் 37ஆம் பதிப்பின்படி எண் கொடுத்திருக்கும், இன்னொன்று 38இன்படி. இரண்டும் சரியான எண்கள், காட்டும் இடம் வேறு. எக்செல் பெயர்களையே மாற்றிவிடும்: செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுக்கள் தேதியாகிவிடும். 2016இல் எண்ணிப் பார்த்ததில் எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் மதிப்பு, அலகு, கருவி, தேதி என்று தனித்தனிப் பத்தி. விடுபட்ட மதிப்புக்கு 99, 999 எல்லாம் போடாமல் வெற்றிடமும், ஏன் விடுபட்டது என்று சொல்லும் குறியீடும். தேதி நான்கு இலக்க ஆண்டில் தொடங்கட்டும். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மையம் கோப்பை ஏற்றும்போதே சரிபார்ப்பு நிரல் ஓடி, பிழை இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அதை உள்ளிட்டவர் அங்கே இருக்கமாட்டார்.

டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவத்தில் பெயர் என்ற புலத்தை அழித்தால் போதாது. கருவி நிறுவனங்களின் தனிப்புலங்களில் பெயர் ஒளிந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் படத்தின் புள்ளிகளிலேயே எழுதியிருக்கும். அனுமதித்த புலங்களை மட்டும் வைத்து மற்ற அனைத்தையும் நீக்குங்கள். நீக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டால் ஏதாவது தப்பிவிடும்.

சேகரிப்பாளர்

கோப்புக்காரன் சொல்வதையெல்லாம் செய்ய ஒவ்வொரு மையத்திலும் முழுநேர ஆள் வேண்டும். அதற்கு நிதி யார் தருவது? நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர் ஒரு கட்டுரை எழுதுவதற்குள் வேறொருவர் பதிவிறக்கி வெளியிட்டுவிட்டால், அடுத்த ஆண்டு எந்த மையமும் தரவு ஏற்றாது. திரட்டியவர்களைத் தவிர யாரும் தரவை எடுக்க முடியாத 12 மாதத் தடைக்காலம் இல்லாத திட்டத்தை ஆதரிக்க மாட்டேன்.

தரவுத்தச்சன்

சேகரிப்பாளர் கேட்பது நியாயம், ஆனால் தடைக்காலம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. "எங்கள் கட்டுரை வந்த பிறகு" என்று எழுதினால் அந்தக் கட்டுரை வராமலே இருக்கலாம். கோப்பு ஏற்றிய நாளிலிருந்து 12 மாதம், அந்த நாளில் யாரும் கை வைக்காமலே தானாகத் திறக்கும் என்று மென்பொருளிலேயே எழுதிவிட்டால் எனக்கும் சம்மதம். முழுத் தொகுப்பின் முதல் ஆய்வை வெளியிடும் உரிமை திரட்டியவர்களுக்கு என்று 2003இல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் மரபணுத் தரவுப் பகிர்வு பற்றிக் கூடியவர்கள் பேசி முடித்தார்கள். அது போதும்.

மையப் பெயர்களோடு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி டிஓஐ (நிலையான இணைய அடையாள எண்) கொடுங்கள், மேற்கோள் தானாக எண்ணப்படும். நிதியைப் பொறுத்தவரை, தரவு சீர்செய்யும் ஆளின் சம்பளத்தை முதல் விண்ணப்பத்திலேயே தனி வரியாகக் கேட்க வேண்டும். 2023 ஜனவரி முதல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் விண்ணப்பத்தோடு தரவுப் பகிர்வுத் திட்டம் கேட்கிறது, அந்தச் செலவை நிதியில் சேர்க்கவும் விடுகிறது.

மறைகாப்பு

அப்படியானால் என் திட்டத்தையும் சொல்கிறேன். தரவு அகராதி, மாதிரிக் கோப்பு, எண்ணிக்கை அட்டவணை, மூன்றும் எல்லோருக்கும். அட்டவணையில் 10க்குக் குறைந்த கட்டங்களை மறைக்க வேண்டும். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து வரிசைக் கூட்டுத்தொகையை விட்டுவைத்தால் கழித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே அதே வரிசையில் இன்னொன்றையும் மறைக்க வேண்டும்.

மருத்துவ அட்டவணை, பதிவுசெய்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு. ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்தினால் இடைவெளி கெடாது. மிமிக்3 என்ற தீவிர சிகிச்சைத் தரவுத் தொகுப்பில் அப்படித்தான் செய்தார்கள்: தேதிகள் 2100க்கும் 2200க்கும் இடையே போய்விட்டன, வாரநாளும் பருவமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன.

எக்ஸோம் மட்டும் வெளியே போகாது. பாதுகாப்பான தளத்துக்குள் வந்து ஆராயலாம், முடிவுகளை மட்டும் எடுத்துச் செல்லலாம். 5 லட்சம் பேரின் உடல்நலத் தரவைக் கொண்ட பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2021இல் இப்படி ஒரு தளத்தைத் தொடங்கியது.

தரவுத்தச்சன்

அந்தத் தளத்தில் கணிப்பு நேரத்துக்கு யார் பணம் கட்டுவது? கோப்பைப் பதிவிறக்கி ஏற்கெனவே இருக்கும் கணினியில் ஓட்டும் சிறிய குழு, தளத்தில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளரும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். உங்கள் அனுமதிக் குழுவில் உட்காரப்போவது யார்? அதே நோயை ஆராயும் போட்டிக் குழுக்கள்தானே. 15 வேலை நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று எழுதத் தயாரா?

மறைகாப்பு

மருத்துவ அட்டவணைக்குத் தயார். எக்ஸோமுக்கு இல்லை. பதில் தாமதமானால் விண்ணப்பம் வெளியாள் ஒருவரிடம் போகட்டும்; மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நோயாளிதரப்பு

குழுவில் யார் என்ற கேள்விக்கு நோயாளிகளையே மறந்துவிட்டுப் பதில் தேடுகிறீர்கள். ஐந்து இடமென்றால் இரண்டு நோயாளிகளுக்கோ குடும்பத்தினருக்கோ, ஆலோசனை சொல்ல மட்டுமல்ல, வாக்குரிமையோடு.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹவசுபாய் பழங்குடி மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு ஆய்வுக்கும் அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்கு 2010இல்தான் சமரசமானது. ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற நோயாளியிடமிருந்து அனுமதியில்லாமல் எடுத்து ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா செல்களின் மரபணு வரிசை 2013இல் அவருடைய குடும்பத்தைக் கேட்காமல் வெளியாகி, எதிர்ப்புக்குப் பிறகு மீட்டுக்கொள்ளப்பட்டது. இப்போது அந்தக் குடும்பத்தினரும் உள்ள குழு வழியாகத்தான் கிடைக்கிறது. ஒருவர் ஒப்புக்கொண்டாலும் அவருடைய உடன்பிறந்தவரின் மரபணுவில் பாதியளவு சேர்ந்தே வெளியே போகிறது. தரவுத்தச்சன் சொல்லும் தேர்வை அந்தத் தங்கை எழுதவில்லை.

எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்பது ஒவ்வொரு மாதிரியோடும் கணினி படிக்கும் குறியீடாகப் போக வேண்டும்: இந்த நோய்க்கு மட்டும், எந்த மருத்துவ ஆய்வுக்கும், வணிகத்துக்கு இல்லை என்பதுபோல. தரவுப் பயன்பாட்டுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுதி ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்ற பட்டியலும் பொதுவில் இருக்கட்டும்.

தரவுத்தச்சனிடம் ஒரு கேள்வி: ஒருவர் பின்னாளில் விலக விரும்பினால் சிசி0 தொகுப்பில் என்ன செய்வீர்கள்?

தரவுத்தச்சன்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்பை உறையவைப்போம். அடுத்த பதிப்பில் அவர் இருக்கமாட்டார். பழைய பதிப்பின் பதிவிறக்கம் நிறுத்தப்படும், டிஓஐ பக்கம் மட்டும் விளக்கத்தோடு இருக்கும். ஏற்கெனவே எடுத்தவர்களின் பிரதியை அழிக்கச் சொல்ல எனக்கு வழியில்லை. அனுமதி கேட்டுக் கொடுக்கும் தரவகத்திலும் அழித்தேன் என்று ஒருவர் சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

நோயாளிதரப்பு

அனுமதித் தரவகத்தில் யாரிடம் பிரதி இருக்கிறது என்றாவது தெரியும், எழுதிக் கேட்கலாம். "விலகினாலும் ஏற்கெனவே போனது திரும்பாது" என்ற வரி ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் வரட்டும். அதுவரை எக்ஸோமைத் திறப்பதற்கு என் வாக்கு எதிராகத்தான்.

கோப்புக்காரன்

அந்தப் படிவத்துக்கும் பதிப்பு எண் போட்டு, ஒவ்வொரு நோயாளியின் வரிசையிலும் அந்த எண்ணைச் சேருங்கள். யார் எந்த வாசகத்தில் கையெழுத்திட்டார் என்று தெரியாவிட்டால் நீங்கள் எடுக்கும் எந்த முடிவையும் நிரலில் எழுத முடியாது.