அனுபவப் பகிர்வு: ஜிப்லி இசைக் கச்சேரிக்குக் குழந்தைகளோடு போகும்போது

டோக்கியோ, அதை அடுத்த கவாசாகி நகரம் பக்கம், ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஜிப்லியின் பட இசையை முழு ஆர்கெஸ்ட்ராவாக வாசிக்கும் குடும்பக் கச்சேரிகளில் வேலை பார்த்தவர்கள், அடிக்கடி கேட்கிறவர்கள் கண்டதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். நாலு வயசுப் பிள்ளையோடு போகிறவருக்கு உதவினால் போதும்.

அரங்கப் பணியாளர்:
டிக்கெட் வாங்குமுன் வயது வரம்பைப் பாருங்கள். ஜப்பானில் வழக்கமான சிம்பொனி கச்சேரிகள் பலவற்றில், இன்னும் பள்ளியில் சேராத பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. விளம்பரத்தில் ஜிப்லியின் 'டோட்டோரோ' படப் பாட்டு இருக்கிறது என்பதற்காக அது குழந்தைகள் கச்சேரி ஆகிவிடாது. '0 வயது முதல்', '4 வயது முதல்' என்று தனியாக அச்சடித்திருக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம் என்ற சலுகையும் கச்சேரிக்குக் கச்சேரி மாறும்.

முதல் மூன்று நாலு வரிசை வேண்டவே வேண்டாம். அங்கிருந்து வயலின்காரர்களின் காலணியும் நாற்காலிக் காலும்தான் தெரியும். பிள்ளைகள் ஆசையாகப் பார்ப்பது டிரம்பெட்டையும் டிம்பனி என்ற பெரிய முரசையும். அவை பின்னால் மறைந்துபோகும். மாடியின் முதல் வரிசையிலோ கைப்பிடிக் கம்பி சரியாகக் குழந்தையின் கண்மட்டத்தில் வரும். கீழ்த்தளத்தில் நடுவுக்குச் சற்றுப் பின்னால், நடைபாதை ஓர இருக்கை நல்லது. உயரம் கூட்டும் குஷனைப் பல அரங்குகளில் இரவல் தருவார்கள். எண்ணிக்கை குறைவு, கதவு திறந்ததும் வாங்கிவிடுங்கள்.

சில அரங்குகளில் பின்புறம் கண்ணாடி போட்ட பெற்றோர் அறை உண்டு. அழும் குழந்தையோடு உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்கலாம். சில இருக்கைகளே இருக்கும். முன்கூட்டியே பதிய வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளக்கருவி வாசிப்பவர்:
கவாசாகி மியூசா அரங்கில் (2004இல் திறந்தது, 1,997 இருக்கை) மேடையைச் சுற்றியும் இருக்கைகள் உண்டு. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இசை நடத்துநரின் முகம் தெரியும், குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கை. ஆனால் டிம்பனி, பாஸ் டிரம், சிம்பல் எல்லாம் காலடியிலேயே இருக்கும். 'இளவரசி மோனோனோகே' (1997) இசையில் பாஸ் டிரம் விழும்போது அந்த இருக்கைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. கதை சொல்பவரும் பாடகரும் முதுகைக் காட்டியபடி நிற்பார்கள், சொல் தெளியாது. காதை மூடும் கவசம் கொண்டு வாருங்கள். பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை.

அடுத்தது கைத்தட்டல். டோட்டோரோவின் நடைப் பாட்டுக்கு அரங்கமே தட்டும், ஒவ்வொரு முறையும் குழம்பும். காரணம் தூரம்தான். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலி போய்ச்சேர 0.1 வினாடி. அவர் கேட்டுத் தட்டும் ஓசை மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.1 வினாடி. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடி அரை வினாடி என்றால், மேடைக்கு அது கிட்டத்தட்ட அரை அடி பிந்திக் கேட்கிறது. அதை நம்பி வாசித்தால் பாட்டு இழுபடும். அனுபவமுள்ள நடத்துநர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையைப் பெரிதாக வீசிக் காட்டுவார். நாங்கள் தட்டலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்னேர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு போவோம். நீங்களும் பிள்ளையிடம், காதால் கேட்டுத் தட்டாதே, அந்த மாமாவின் கையைப் பார்த்துத் தட்டு என்று சொல்லி வையுங்கள்.

ஒலிப் பொறியாளர்:
தாளக்கருவி அண்ணன் கதை சொல்பவரைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் படங்களின் இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி டோட்டோரோ இசையைக் கதை சொல்லலோடு ஆர்கெஸ்ட்ரா தொகுப்பாகவும் எழுதியிருக்கிறார். நடைப் பாட்டிலேயே கருவிக் கூட்டங்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறார். குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உருப்படி இல்லை என்பது என் கருத்து. ஆனால் இத்தகைய அரங்குகள் கருவி இசைக்காகக் கட்டப்பட்டவை, எதிரொலி அடங்க இரண்டு வினாடி பிடிக்கும். வயலினுக்கு அது அழகு, பேச்சுக்குக் கேடு. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மங்கும். சின்ன ஒலிபெருக்கிகளை இருக்கைகளுக்குப் பக்கமாக வைத்து, அளவைக் குறைத்துக் கொடுப்பதுதான் வழி. ஒத்திகையில் காலி அரங்கில் எதிரொலி கூடுதலாக இருக்கும், ஆள் நிரம்பியதும் குறையும். அதனால் ஒத்திகை அளவை அப்படியே விட்டுவிடக் கூடாது.

நிகழ்ச்சி அமைப்பவர்:
வரிசை முக்கியம். 'ஸ்பிரிட்டட் அவே' (2001) தொடக்க இசை தனிப் பியானோவில் மெல்ல ஆரம்பிக்கும். அதை முதல் உருப்படியாகப் போடுவது தப்பு. தாமதமாக வந்தவர்களைப் பெரும்பாலும் முதல் உருப்படி முடிந்துதான் உள்ளே விடுவோம். அந்தச் சலசலப்பு அடங்கி, ஒரு கனமான துண்டும் முடிந்த பிறகு பியானோ வந்தால்தான் அரங்கம் கேட்கும். 'லாப்யூடா'வின் (1986) டிரம்பெட் தனி வாசிப்பைப் போடும்போதும் கவனம் தேவை. நெடுநேரம் சும்மா இருந்த பித்தளைக் குழாய் குளிர்ந்து சுருதி இறங்கும், அதுவும் கோடைக் குளிர்சாதனத்தில். முந்தைய உருப்படியில் டிரம்பெட்டுக்குக் கொஞ்சமாவது வேலை இருப்பது நல்லது.

இடைவேளை இல்லாமல் 60 நிமிடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. இடைவேளை விட்டால் 20 நிமிடமாவது வேண்டும்; 15 நிமிடத்தில் பெண்கள் கழிப்பறை வரிசை முடியாது.

அடிக்கடி கேட்பவர்:
திரையில் படம் ஓடுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஓடாது. இசையை வாசிக்க ஓர் உரிமை, படக் காட்சியைக் காட்ட வேறு உரிமை. விளம்பரத்தில் திரையிடல் என்று தெளிவாக இல்லையென்றால் இசை மட்டும்தான் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் 'எப்போ டோட்டோரோ வரும்' என்று தொடங்கிவிடும். இன்னொன்று, டோக்கியோவின் புதோக்கான் பேரரங்கில் 2008இல் நடந்த ஜிப்லி கச்சேரியின் காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அதில் ஆர்கெஸ்ட்ரா 200 பேர், பாடகர்கள் 800 பேர், அணிவகுப்பு வாத்தியக்காரர்கள் 160 பேர். சாதாரணக் குடும்பக் கச்சேரியில் மேடையில் எழுபது எண்பது பேர் இருந்தாலே நிறைவு, பாடகர் குழு இருந்தால் அதிர்ஷ்டம்.

அரங்கப் பணியாளர்:
அரங்கின் முன்கூடத்தில் கருவியைத் தொட்டுப் பார்க்க விடும் கச்சேரிகளும் உண்டு. நாலு ஐந்து வயதுக்கு 1/16 அல்லது 1/10 அளவு வயலின் கேளுங்கள். டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவியில் ஓசை வரவில்லை என்று பிள்ளை அழுதால், உதட்டை இறுக்கிக் குதிரை கனைப்பதுபோல் 'ப்ர்ர்' என்று அதிரவிடச் சொல்லுங்கள், காற்றை மட்டும் ஊதினால் வராது. வரிசை நீளும், கச்சேரி முடிந்த பின்னும் திறந்திருக்குமா என்று கேட்டுவைத்துக்கொண்டால் முன்னாலேயே முண்டியடிக்க வேண்டியதில்லை.