அம்மாவின் அறைக்கு ஒரு சோடி ஸ்பீக்கர்

நான்: மாமா, அம்மாவின் அறைக்கு ஒரு சோடி ஸ்பீக்கர் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். போனில் தேவாரம் போட்டால் சொல் விளங்குவதில்லை என்கிறா, வானொலிச் செய்தியும் அப்படித்தான். கீழ்ச் சத்தத்துக்கு 6 அங்குல வூஃபர் ஒன்று, கூரிய சத்தத்துக்கு ட்வீட்டர் ஒன்று, முன்பக்கம் துளை விட்ட பெட்டி என்று யோசித்திருக்கிறேன். புறக்கோட்டைக்குப் போகமுதல் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ.

சின்ன மாமா: கட்டாயம் செய் தம்பி. ஆனால் முதல் பெட்டிக்கு அந்த மூன்றும் வேண்டாம். இரண்டு ட்ரைவர், அதாவது சத்தம் எழுப்புகிற கூம்பு, வைத்தால் நடுவில் குரோஸ்ஓவர் வேண்டும், கீழ்ச் சத்தத்தை ஒன்றுக்கும் கூரிய சத்தத்தை மற்றதுக்கும் பிரித்து அனுப்புகிற சுற்று அது. கடையில் ரெடியாக விற்பதில் 8 ஓம் என்று எழுதியிருக்கும், ஆனால் ட்ரைவரின் ஓம், அதாவது மின்தடை, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் எழுதியிருக்கிற இடத்தில் சத்தம் பிரியாது. பிரிவது பெரும்பாலும் 2000, 3000 ஹேர்ட்ஸ் பக்கம். சொல்லைத் தெளிவாகக் காட்டுகிற மெய்யெழுத்துச் சத்தத்துக்கு அந்த இடம்தான் முக்கியம், அதைக் குழப்பிவிட்டு அம்மாவுக்கு விளங்கவேண்டும் என்றால் எப்படி? எல்லாச் சத்தத்தையும் தானே தருகிற 3 அல்லது 4 அங்குல ஃபுல்ரேஞ்ச் ட்ரைவர் ஒன்று, துளை இல்லாத மூடிய பெட்டி. அவ்வளவுதான்.

மச்சான்: அதில் பேஸ் வருமா மாமா?

சின்ன மாமா: மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கீழ்ச் சத்தம் கொஞ்சம் மெலிந்துதான் கேட்கும், குரலும் வயலினும் நன்றாக வரும். இது யாருக்கு, எதற்கு என்று பார்க்கவேண்டும் மச்சான்.

நான்: அப்படியென்றால் பெட்டி எவ்வளவு பெரிது?

சின்ன மாமா: இங்கேதான் எல்லோரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பெட்டியை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் கிடைத்த ட்ரைவரைப் போடுவது. ட்ரைவரோடு வரும் தாளில் எஃப்எஸ் (கூம்பு தானாக அதிர்கிற அதிர்வெண்), கியூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்கும் என்பது), விஏஎஸ் (கூம்பின் பிடிப்பைப் போலவே வளைந்துகொடுக்கிற காற்றின் அளவு) என்று மூன்று எண் இருக்கும், பெட்டியின் அளவு அதிலிருந்துதான் வரும். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் இதை எழுதினார், பிறகு 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் விரித்து எழுதினார், அதனால்தான் தீல்-ஸ்மோல் எண்கள் என்கிறார்கள். அதற்கு முந்தி பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் கேட்டுக் கேட்டுத்தான் அளவைத் திருத்தினார்கள். நீ அப்படிப் பலகையை வீணாக்கத் தேவையில்லை. தாள் இல்லாத ட்ரைவரை மலிவு என்று வாங்கிவிடாதே.

நான்: முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்காரர் 4 அங்குலம் ஒன்றின் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எஃப்எஸ் 80 ஹேர்ட்ஸ், கியூடிஎஸ் 0.5, விஏஎஸ் 5 லீற்றர். 8 ஓம், 84 டெசிபல்.

சின்ன மாமா: நல்ல எண்கள். மூடிய பெட்டிக்குப் பொருந்தும், கியூடிஎஸ் 0.3 பக்கம் இருந்திருந்தால் துளை வைத்த பெட்டியைத்தான் யோசிக்கச் சொல்லியிருப்பேன். கணக்கு இதுதான்: 0.707ஐ கியூடிஎஸ்ஸால் பிரி, 1.414 வரும். அதை அதனாலேயே பெருக்கினால் 2. அதில் 1ஐக் கழி, மிஞ்சுவது 1. விஏஎஸ்ஸை அதால் பிரித்தால் பெட்டி 5 லீற்றர். 80ஐ அதே 1.414ஆல் பெருக்கினால் 113 ஹேர்ட்ஸ், அந்த இடத்தில் சத்தம் 3 டெசிபல் குறைந்திருக்கும், அதற்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கும். அந்த 0.707 என்பது பெட்டிக்குள் போட்ட பிறகு வரவேண்டிய கியூ, பேஸ் வீங்காமலும் மெலியாமலும் நிற்கிற அளவு.

மச்சான்: அப்போ உள் அளவு 14, 16, 22.5 செ.மீ. வைத்தால் 5.04 லீற்றர். சரியா?

சின்ன மாமா: மிகச் சரி. மூன்று பக்கமும் ஒரே அளவாக இருந்தால் உள்ளே ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும், இது நல்லது. உள்ளே தலையணைப் பொலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாகப் போடு, அடைத்துத் திணிக்காதே.

மாமி: பலகை எம்டிஎஃப், அந்த மரநாரை அழுத்திச் செய்தது, வாங்காதே ராசா. வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு எங்கள் அலுமாரியின் அடிப்பக்கம் ஊதி உதிர்ந்துவிட்டது. 15 மில்லிமீற்றர் பிளைவூட் எடு, மொறட்டுவையில் எங்களுக்குத் தெரிந்த மரவேலை பாஸ் இருக்கிறார், அளவு கொடுத்தால் மெஷினில் நேராக வெட்டித் தருவார்.

நான்: சோடிக்கு அளவு இப்படி எழுதினேன் மாமி. முன்னும் பின்னும் 17 க்கு 25.5 நாலு துண்டு. மேலும் கீழும் 17 க்கு 16 நாலு. பக்கங்கள் 16 க்கு 22.5 நாலு. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் கால்வாசியே போதும்.

அக்கா: கரண்ட் வேலையும் நீயா செய்யப்போகிறாய்? அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் திறந்து கிடக்கக்கூடாது. எனக்கு அதுதான் பயம்.

சின்ன மாமா: சரியான கேள்வி பிள்ளை. மெயின்ஸைத் தொடத் தேவையே இல்லை. டிபிஏ3116 என்ற சிப் போட்ட சின்ன அம்ப் போர்டு கிடைக்கும், 12 தொடக்கம் 24 வோல்ட் வரை போதும், லப்டொப்பின் 19 வோல்ட் அடப்டரே ஓட்டும். தாளில் உள்ள 84 டெசிபல் என்பது 1 வொட்டுக்கு ஒரு மீற்றரில் வருகிற சத்தம், 10 வொட் கொடுத்தால் 94 டெசிபல், அந்த அறைக்கு அதுவே அதிகம். போர்டில் 100 வொட் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் காசு கொடுக்கவேண்டாம். தம்பி, ஒன்றைக் கவனி: இந்தப் போர்டில் இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயரையும் ஒன்றாக முடிச்சுப் போடாதே, எர்த்தோடும் சேர்க்காதே, போர்டு கருகிவிடும்.

மச்சான்: எந்த வயர் பிளஸ் என்று ட்ரைவரில் குறி இல்லாவிட்டால்?

சின்ன மாமா: 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார். கூம்பு வெளியே தள்ளினால் பற்றரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். இரண்டு பெட்டியும் ஒரே பக்கமாகத் தள்ளவேண்டும், ஒன்று மாறினால் இருக்கிற பேஸும் போய்விடும், குரல் நடுவில் நிற்காது. அத்தோடு பெட்டியைச் சுவரை ஒட்டி வை. முன்பலகை 17 செ.மீ. தானே, ஏறக்குறைய 680 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் பின்னாலும் சுற்றிப் போய்விடும், சுவர் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்.

அக்கா: அம்மாவின் அலுமாரிக்கு மேலே வைக்கலாமா?

சின்ன மாமா: வேண்டாம், அவ்வளவு உயரத்தில் வைத்தால் கூரிய சத்தம் தலைக்கு மேலால் போய்விடும். கதிரையில் இருக்கிறபோது காது எங்கே வருகிறதோ அந்த உயரம்தான்.

மாமி: அளவை பாஸுக்கு இப்பவே அனுப்பட்டா?

சின்ன மாமா: பலகை வெட்ட அனுப்புங்கோ. ட்ரைவருக்கான வட்டத்தை மட்டும் வெட்டவேண்டாம் என்று சொல்லுங்கோ. 4 அங்குலம் என்பது வெளிச்சட்டத்தின் அளவு, துளை அதைவிடச் சின்னது, ட்ரைவர் கைக்கு வந்த பிறகு அளந்து வெட்டலாம்.

நான்: சரி மாமா. சனிக்கிழமை ட்ரைவரை எடுத்துக்கொண்டு நேரே மொறட்டுவைக்குப் போகிறேன். மச்சான், நீயும் வா, பலகை தூக்க ஆள் வேண்டும்.