மைதானக் கச்சேரி: பின்வரிசையில் பாட்டு ரெண்டு தடவை கேட்குது

கேள்வி: 2009ல பால் மெக்கார்ட்னி பாடின நியூயார்க்கோட ‘சிட்டி ஃபீல்ட்’ (Citi Field) மாதிரி பேஸ்பால் மைதானத்துல கடைசி வரிசைக்கு ஒலியை எப்படிக் கொண்டுபோறாங்க? பெரம்பூர்ல மேடையிலிருந்து 60 மீட்டர்ல கூடுதல் ஸ்பீக்கர் வெச்சா எதிரொலிக்குது.

பதில் 1: கூடுதல் ஸ்பீக்கருக்கு டிலே போடணும்ணே, அதாவது அதுல ஒலியைக் கொஞ்சம் தாமதமா விடணும். 30 டிகிரி வெப்பத்துல ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். 60 மீட்டருக்கு 172 மில்லிசெகண்ட் (நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு). கூட 10, 15 சேருங்க. அப்பதான் குரல் மேடையிலிருந்தே வர்றதா காது நம்பும். ஸ்பீக்கர் சத்தத்தை ரொம்ப ஏத்தினா அந்த மாயம் போச்சு.

பதில் 2: மிக்ஸர்ல மேடை ஸ்பீக்கருக்குப் போற மெயின் அவுட்ல டிலே போட்றாதீங்க, எல்லாமே தள்ளிப்போகும். கூடுதல் ஸ்பீக்கருக்குத் தனியாப் போற மேட்ரிக்ஸ் அவுட்ல மட்டும் போடுங்க. அதுல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற அடி ஒலியை வெட்டிடுங்க.

பதில் 3: ராத்திரி 5 டிகிரி குறைஞ்சாலும் டிலேல வித்தியாசம் ஒன்றரை மில்லிசெகண்ட்தான், விடுங்க. ராயபுரம் பக்கம்னா கடல்காத்துதான் தொல்லை, ட்ரெபிள் (கீச்சு ஒலி) அலையும்.